வீட்டில் பெரிய பவளத் தொட்டி: மே மாத மதியத்தையும் புயல் ராத்திரியையும் நினைத்துக் கட்டுவது

எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் கடல்நீர்த் தொட்டி 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். அதில் முதல் வாளித் தண்ணீர் ஊற்றும் முன் 7 மாதம் அது என் நோட்டுப் புத்தகத்தில்தான் இருந்தது. அந்த 7 மாதத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன். மீன் வாங்குவதும் பவளம் ஒட்டுவதும் கடைசியில் வருகிற சின்ன வேலைகள்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி, இப்போது இருப்பது பெரம்பூர். இதற்கு முன் 3 அடித் தொட்டி ஒன்று 2 வருஷம் நன்றாக ஓடியது. ஒரு மே மாதம், நாங்கள் கல்யாணத்துக்குப் போயிருந்த மதியம், மூன்றரை மணி நேரம் கரண்ட் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் 33 டிகிரி. அன்று ராத்திரியே 4 மீன்கள் செத்துப் போயின. மென்பவளங்கள் ஒரு வாரத்தில் சளி மாதிரிக் கரைந்தன. அந்தத் தொட்டியை நான் நல்ல நாளுக்காகக் கட்டியிருந்தேன். இரண்டாவது தொட்டிக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியது ஒரே கேள்வி: மே மாதம் மதியம் 2 மணி, கரண்ட் இல்லை, வீட்டில் யாரும் இல்லை, அப்போது இது என்ன ஆகும்? நீங்களும் அதிலிருந்து தொடங்குங்கள். அளவு, பம்ப், விளக்கு எல்லாம் அந்தக் கேள்விக்கான பதிலாகவே வரட்டும்.

அதற்கும் முன்னால் ஒன்று. கடினப் பவளங்கள் எல்லாமும், கடல் விசிறி, கரும்பவளம், நெருப்புப் பவளம் ஆகியவையும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2001-இல் சேர்த்தார்கள். புலிக்கு என்ன பாதுகாப்போ அதேதான் இவற்றுக்கும். கடலிலிருந்து பெயர்த்த பவளக் கல்லை ‘லைவ் ராக்’ என்று யாராவது பெட்டியில் கொண்டுவந்து காட்டினால், தயவுசெய்து வாங்காதீர்கள். எங்கள் தாத்தா சங்கு குளித்தவர். கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டை எங்கள் பக்கம் ‘பார்’ என்பார்கள். எந்தப் பாரில் என்ன மீன் நிற்கும் என்று தாத்தா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. வருஷக்கணக்கில் சுற்றியிருந்த பவளத்தை வெட்டி எடுத்ததில் அவை கரைந்தன. அந்தக் கடலிலிருந்து ஒரு துண்டுகூட எடுக்காமல் ஒரு பாரை வீட்டில் வளர்க்க முடியும். இந்தத் தொட்டியில் அப்படித்தான் செய்திருக்கிறேன்: பாறை என் கையால் செய்தது, மீன் பொரிப்பகத்தில் பொரித்தது, மென்பவளம் இன்னொருவர் தொட்டியில் வளர்ந்து வெட்டியது.

எடை

5 × 2 × 2 அடி என்றால் கணக்குக்கு 540 லிட்டர். உப்பு நீராக ஏறத்தாழ 550 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி 100 கிலோ, பாறையும் மணலும் 70, இரும்பு ஸ்டாண்டு 80, கீழே சம்ப் என்னும் துணைத் தொட்டியில் இன்னொரு 100 சொச்சம். மொத்தம் 900 கிலோ, அதாவது ஒரு சின்னக் கார் உங்கள் கூடத்தில் ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் நிற்கிறது, அதுவும் வருஷம் முழுக்க. வீடுகளின் தளத்துக்கு நம் நாட்டுத் தர விதி எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ. எங்களுடையது தரைத்தளம் என்பதால் தப்பித்தோம். மாடி வீடு என்றால் கட்டட வரைபடத்தோடு ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரிடம் போங்கள். எந்தச் சுவரின் கீழே பீம் ஓடுகிறது, தொட்டியை எந்த வாட்டத்தில் வைத்தால் எடை பீமுக்குப் போகும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். மேஸ்திரி ‘தாங்கும்மா’ என்று சொன்னால் அதை நம்பி வைக்காதீர்கள்.

மேற்கு ஜன்னல் பக்கம் வைக்க வேண்டாம். சாயங்கால வெயில் பாசியையும் சூட்டையும் சேர்த்துக் கொண்டுவரும். தொட்டிக்குப் பின்னால் ஒரு ஆள் கை விடும் அளவு, குறைந்தது ஒரு அடி, இடம் விடுங்கள்.

ஸ்டாண்டை என் கொழுந்தனார் அம்பத்தூரில் வெல்டிங் வைத்துக் கொடுத்தார்: 2 அங்குலச் சதுர இரும்புக் குழாய், 3 மில்லிமீட்டர் கனம், மேலே எபாக்ஸி பெயின்ட் 2 கோட். உப்பு எங்கே போகாது என்று நினைக்கிறோமோ அங்கேதான் போய் உட்காரும், அதனால் வெல்டிங் மூட்டுகளின் உள்பக்கமும் பெயின்ட் படட்டும். கால்கள் டைல்ஸில் தனித்தனியாக ஊன்றாமல், அடியிலும் ஒரு முழுச் சட்டம் இருக்க வேண்டும். சட்டத்தின் மேல் 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், அதன் மேல் தெர்மோகோல் ஷீட், அப்புறம் கண்ணாடி. பலகையில் ஒரு நெல்மணி உயர மேடு இருந்தாலும் அந்த இடத்தில் கண்ணாடி விரிசல் விடும். தெர்மோகோல் அதை வாங்கிக்கொள்ளும். தொட்டி ஒட்டியவுடன் ஒரு வாரம் சிலிகான் காயட்டும். பிறகு வாசலிலேயே குழாய்த் தண்ணீர் நிரப்பி இன்னொரு வாரம் பாருங்கள். கூடத்துக்குள் வந்த பிறகு கசிவு தெரிந்தால் திருப்பி எடுக்க 8 ஆள் வேண்டும்.

கரண்ட் போனால் தண்ணீர் எங்கே போகும்?

பெரிய தொட்டியில் ஸ்கிம்மர் (நுரையாக அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவி), ஹீட்டர், ஃபில்டர் எதுவும் மேலே தெரியக் கூடாது. எல்லாம் கீழே சம்ப்பில். மேல் தொட்டியின் மூலையில் ஒரு ஓவர்ஃப்ளோ பெட்டி, அதற்குள் அடிக்கண்ணாடியில் துளைகள், அங்கிருந்து தண்ணீர் சம்ப்புக்கு இறங்கும். ரிடர்ன் பம்ப் அதைத் திருப்பி மேலே ஏற்றும். இறங்கும் குழாய் ஒன்று போதாது, மூன்று போடுங்கள். முதல் குழாயில் ஒரு கேட் வால்வு வைத்து, காற்றே இல்லாமல் தண்ணீர் மட்டும் முழுக்க ஓடும்படி திருகி நிறுத்த வேண்டும். இரண்டாவதில் ஒரு நூல் அளவு வழிந்தால் போதும். மூன்றாவது எப்போதும் காய்ந்தே இருக்கும். நத்தை ஒன்று போய் முதல் குழாயை அடைத்துக்கொண்டால் அன்று அந்த மூன்றாவதுதான் உங்கள் தரையைக் காப்பாற்றும். காற்றில்லாமல் ஓடுவதால் சத்தமும் இருக்காது. எங்கள் வீட்டில் டிவி சத்தத்துக்கு நடுவே தொட்டிச் சத்தம் கேட்பதில்லை.

இப்போது கரண்ட் போகிறது. ரிடர்ன் பம்ப் நின்றவுடன், ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு மேலே நிற்கும் தண்ணீர் முழுவதும் கீழே இறங்கும். இந்த அளவுத் தொட்டியில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் 9 லிட்டர். ரிடர்ன் குழாயின் வாய் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால், அது சைஃபனாகி 27 லிட்டரைப் பின்னால் இழுக்கும், அதோடு குழாய்களில் நின்ற தண்ணீரும் சேரும். சம்ப்பில் அதற்குக் காலி இடம் இருக்கிறதா? என் பழைய தொட்டியில் இந்தக் கணக்கைப் போடவில்லை. முதல் கரண்ட் கட்டில் கூடம் முழுக்க உப்புத் தண்ணீர். இப்போது சம்ப்பில் பம்ப் ஓடும்போது இருக்கும் நீர்மட்டத்துக்கு மேல் 45 லிட்டர் காலியாக விட்டிருக்கிறேன். கோடு போட்டு வைத்திருக்கிறேன், அதற்கு மேல் யாரும் ஊற்றக் கூடாது. ரிடர்ன் குழாயின் வாயை நீர்மட்டத்தை ஒட்டியே வையுங்கள், மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சின்னத் துளையும் போடுங்கள். காற்று புகுந்தால் சைஃபன் அறுந்துவிடும். துளையில் பாசி அடைக்கும், மாதம் ஒருமுறை பல் குத்தும் குச்சியால் குத்தி விடுங்கள். எல்லாம் பொருத்தி முடித்ததும் மெயின் ஸ்விட்சை நீங்களே அணைத்து, 10 நிமிஷம் நின்று சம்ப்பைப் பாருங்கள். பிறகு போடுங்கள். இதை 5 முறையாவது செய்து பார்த்த பின்தான் உப்பு வாங்கப் போக வேண்டும்.

இன்வர்ட்டர் பற்றி. கரண்ட் போனால் மீனை முதலில் கொல்வது மூச்சுத் திணறல்தான். தண்ணீர் அசையாமல் நின்றால் மேற்பரப்பில் காற்று கலக்காது, சூடான நீரில் ஆக்சிஜன் கரைவதும் குறைவு. ஆகவே தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் இன்வர்ட்டரில் கட்டாயம் இருக்க வேண்டும். விளக்கும் ஸ்கிம்மரும் வேண்டவே வேண்டாம். என்னிடம் 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரி தொட்டிக்கென்றே தனியாக இருக்கிறது, வீட்டு ஃபேன்கூட அதில் கிடையாது. காகிதத்தில் 1,800 வாட்-அவர், கையில் கிடைப்பது அதில் முக்கால் பங்கு. 20 வாட் வேவ்மேக்கர் ஒன்றும் இன்வர்ட்டர் தானே குடிப்பதும் சேர்ந்து 35 வாட் என்று வைத்தால் ஒன்றரை நாள் தாங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் 2 நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. முதல் ராத்திரிக்குப் பிறகு அரை மணி ஓட்டி அரை மணி நிறுத்தினோம். என் மகளும் நானும் முறை வைத்து விழித்திருந்தோம். ஒரு உயிர்கூடப் போகவில்லை.

தொட்டிக்குப் போகும் மின் இணைப்பு முழுவதும் 30 மில்லி-ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே இணைப்பை அறுக்கும் ஸ்விட்ச்) வழியாகத்தான் போக வேண்டும். உப்புத் தண்ணீரில் கை விடுகிற வேலை இது. ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், வழிந்து வரும் சொட்டு அங்கே விழுந்துவிடும்.

சூடு

25 முதல் 27 டிகிரி வரை வையுங்கள். பவளத்தின் உடலுக்குள் இருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது. வழக்கமான கோடைச் சூட்டைவிட ஓரிரு டிகிரி கூடி வாரக்கணக்கில் நின்றால், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளி வெளுத்துப் போகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் நடந்தது இதுதான்.

தண்ணீர்ப் பரப்பின் மேல் ஃபேன் வைத்தால் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். 1 லிட்டர் நீர் ஆவியாகும்போது, 600 லிட்டர் கொண்ட முழு அமைப்பும் ஏறத்தாழ 1 டிகிரி இறங்கும். கணக்குக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் சென்னைப் புழுக்கத்தில் ஆவியாக மாட்டேன் என்கிறதே. பிப்ரவரி வரை ஃபேன் போதும், ஏப்ரலில் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் இல்லாமல் முடியாது. இந்த அளவுக்குப் பலர் கால் ஹெச்பி சில்லர் வாங்குகிறார்கள். நான் அரை ஹெச்பி வாங்கினேன், மே மாதத்தில் அது மூச்சு வாங்காமல் நின்று நின்று ஓடுகிறது. சில்லரை ஸ்டாண்டுக்குள் அடைக்காதீர்கள். அது உறிஞ்சிய சூட்டை அங்கேயே கக்கும். எங்களுடையது சுவரைத் துளைத்து வராந்தாவில் இருக்கிறது.

சில்லர் இன்வர்ட்டரில் ஓடாது. அதற்காக ஃப்ரீசரில் 2 லிட்டர் பாட்டில்கள் 6 எப்போதும் உறைந்தே இருக்கும். ஒரு பாட்டில் முழுக்க உருகினால் 600 லிட்டர் 0.35 டிகிரி அளவுக்கு இறங்கும், அதாவது 3 பாட்டிலுக்கு 1 டிகிரி. மூடியோடு சம்ப்பில் மிதக்க விடுங்கள், ஒன்றொன்றாக. அந்தக் கல்யாண மதியத்தில் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியும் 6 பாட்டிலும் இருந்திருந்தால் போதும்.

மின் கட்டணத்தையும் முன்பே சொல்லிவிடுகிறேன். கோடையில் தொட்டி மட்டும் நாளைக்கு 7 யூனிட்டுக்கு மேல் எடுக்கிறது, 2 மாதத்துக்கு 430 யூனிட். வீட்டுச் செலவோடு சேர்ந்து 500-ஐத் தாண்டும். அந்தப் பணத்தை மாதாமாதம் கொடுக்க முடியுமா என்று யோசித்துவிட்டு மேலே போங்கள்.

தண்ணீர், உப்பு, கல்

குடிநீருக்கு வைத்திருக்கும் ஆர்.ஓ. இதற்கு உதவாது. சுவைக்காக, ஆர்.ஓ. வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துதான் பெரும்பாலும் அது கொடுக்கும். தனி ஆர்.ஓ., அதன் பின்னால் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் போட்டு, கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்ட வேண்டும். எங்கள் போர் தண்ணீர் 900. அந்த 900-இல் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் இருந்தால் அத்தனையும் பாசிக்கு உரம். கழிவாகப் போகும் தண்ணீரை டிரம்மில் பிடித்து வீடு துடைக்கவும் மாடிப்படி கழுவவும் வைத்துக்கொள்கிறோம்.

லிட்டருக்கு 36 கிராம் கணக்கில், முதல் நிரப்பலுக்கு 22 கிலோ கடல் உப்புக் கலவை ஆகும். சமையல் உப்பு இதற்கு ஆகாது, கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சேர்ந்த கலவைதான் வேண்டும். தண்ணீரில் உப்பைப் போடுங்கள், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். செறிவான கரைசலில் கால்சியமும் கார்பனேட்டும் மோதி வெள்ளையாகப் படிந்துவிடும், பிறகு எத்தனை கலக்கினாலும் கரையாது. உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35, அடர்த்தி எண் 1.026. அதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35-க்கான திட்டக் கரைசலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லை நானே வார்த்தேன். ஒரு பங்கு வெள்ளை சிமென்ட், 2 பங்கு கோழித் தீவனக் கடையில் விற்கும் கிளிஞ்சல் நொறுக்கு, 2 பங்கு தூத்துக்குடிக் கல் உப்பு. கெட்டியாகப் பிசைந்து, ஈர மணலில் குழி தோண்டி, கையால் குகையும் வளைவுமாக அமுக்கி வைத்தால் 2 நாளில் இறுகும். அப்புறம் தண்ணீரில் போட்டால் கல் உப்பு கரைந்து உள்ளே துளை துளையாக நிற்கும், பின்னால் பாக்டீரியா குடியிருக்கப் போவது அந்தத் துளைகளில்தான். சிமென்ட்டின் காரம் இறங்கத்தான் நாளாகும். 8 வாரம், வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றி, பிஹெச் 8.5-க்குக் கீழே வந்த பிறகே தொட்டிக்குள் வைத்தேன். கற்களைச் சுவரோடு ஒட்டி அடுக்காமல் இரண்டு தனித் தீவுகளாக வையுங்கள். நடுவே தண்ணீர் ஓடும், மீனும் சுற்றி வரும். முதலில் கல், பிறகு மணல், அது 2 சென்டிமீட்டர் போதும்.

காத்திருப்பு

தண்ணீர் நிரம்பி எல்லாம் ஓட ஆரம்பித்ததும் அம்மோனியம் குளோரைடு 2 பிபிஎம் அளவுக்குப் போட்டு, பாட்டில் பாக்டீரியா ஊற்றினேன். அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாகும். 2 பிபிஎம் போட்டால் 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 காட்ட வேண்டும். எங்களுக்கு 5 வாரம் ஆயிற்று. அதுவரை விளக்கு தேவையில்லை.

விளக்குப் போட்டதும் மணல் பழுப்பாகும், அப்புறம் கல்லில் பச்சை முடி மாதிரிப் பாசி வரும். நிறைய பேர் கைவிடுவது இங்கேதான். பயப்படாதீர்கள். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து உறிஞ்சி எடுங்கள், விளக்கை 7 மணி நேரத்துக்குக் குறையுங்கள், 4 மாதம் பொறுங்கள்.

முதல் மீன் ஒரு ஜோடி கோமாளி மீன். மண்டபத்திலும் விழிஞ்சத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இவற்றைப் பொரிக்கும் முறையை உருவாக்கிப் பலருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறது, ஆகவே பொரிப்பக மீனாகவே கேட்டு வாங்கலாம். அது முதல் நாளே தீவனம் எடுக்கும். எந்த மீனானாலும் தனியாக 60 லிட்டர்த் தொட்டியில் 4 வாரம். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் அங்கேதான் தாமிர மருந்து, பெரிய தொட்டியில் ஒரு சொட்டு விழுந்தாலும் நத்தையும் இறாலும் போய்விடும். நீல டாங் மீனைப் பிள்ளைகள் கேட்பார்கள். அது ஒரு அடி வரை வளர்ந்து ஓடித் திரிகிற மீன், 5 அடித் தொட்டி அதற்குச் சிறை. வேண்டாம். கடல் தாமரையும் (அனிமோன்) முதல் வருஷம் வேண்டாம், நடந்து போய் வேவ்மேக்கரில் சிக்கும்.

மென்பவளத்தில் காளான் வகையும் தோல் பவளமும் முதலில் வைக்கலாம். சோவாந்தஸ் என்னும் பொத்தான் பவளம் அழகுதான், ஆனால் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொடாதீர்கள். அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்யவே கூடாது, அந்த ஆவியே ஆளைப் படுக்க வைத்துவிடும்.

வாரம் ஒருமுறை, புதன்கிழமை ராத்திரி, காரத்தன்மை பார்க்கிறேன். கேஹெச் என்னும் காரத்தன்மை அலகில் 8 முதல் 9 இருக்க வேண்டும். அதுவும் கால்சியமும் இறங்கினால் நான் கொடுப்பது தெளிந்த சுண்ணாம்பு நீர். ஆய்வகத் தரக் கால்சியம் ஹைட்ராக்சைடு, லிட்டருக்கு ஒன்றரை கிராம், கலக்கித் தெளியவிட்டு, ஆவியான தண்ணீருக்கு ஈடாகச் சொட்டுச் சொட்டாக, ராத்திரியில். இருட்டில் ஒளிச்சேர்க்கை நின்று பிஹெச் இறங்கும், காரமான சுண்ணாம்பு நீர் அதைத் தூக்கி நிறுத்தும். என் பிள்ளைகளுக்கு வகுப்பில் ஊதிக் காட்டும் அதே சுண்ணாம்பு நீர்தான். எங்கள் ஊரில் பவளத்தைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். அந்தச் சுண்ணாம்பு இங்கே திரும்பவும் கல்லாகிக்கொண்டிருக்கிறது. பாறை முழுக்கச் சுண்ணாம்புப் பாசியின் இளஞ்சிவப்புப் படலம் ஏறியிருப்பதைப் பார்க்கும்போது தாத்தா நினைவு வருகிறது.

தோல் பவளம் ஒரு வருஷத்தில் உள்ளங்கை அளவுக்கு வந்துவிடும். புது பிளேடால் குடையின் விளிம்பில் ஒரு துண்டை வெட்டி, சின்னக் கல்லில் வலைத்துணியும் ரப்பர் பேண்டும் போட்டுக் கட்டி, மிதமான நீரோட்டத்தில் வையுங்கள். பசை அதில் பிடிக்காது, வழுக்கிக்கொண்டு போகும். 2 வாரத்தில் தானே ஒட்டிக்கொள்ளும். வெட்டிய அன்று ஸ்கிம்மர் கோப்பை பொங்கும், கீழே ஒரு வாளி வையுங்கள். என்னிடம் இப்போது 6 துண்டுகள் தேறியிருக்கின்றன. கேட்பவர்களிடம் தொட்டி ஓட ஆரம்பித்த தேதியையும் கடைசி 4 வாரத்துக் கேஹெச் எண்களையும் எழுதிக்கொண்டு வரச் சொல்கிறேன். 6 மாதம் முடிந்திருந்தால், பக்கெட்டோடு வந்து எடுத்துக்கொள்ளலாம்.